வழியும் வாசலும்

பிரயாண நூல் எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒரு சின்ன விஷயத்தைத்தான். ஆசிரியர் இரவு எங்கே படுத்தார்? யார் வீட்டுத் திண்ணையில், எந்தச் சத்திரத்தில், யாரிடம் கேட்டு? மலையும் அருவியும் கோபுரமும் வழியே போகிற எவன் கண்ணிலும் படும். பொழுது சாய்ந்த பிறகு அந்நிய ஊரில் ஒரு கதவைத் தட்டிவிட்டு நிற்கிறானே, அவனுக்குத்தான் அந்த ஊர் தன் முகத்தைக் காட்டும். கதவு திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, அவனுக்கு எழுத ஒரு விஷயம் கிடைத்துவிடும்.

இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் செய்துவிடுகிற வண்டி ஒன்று இப்போது பரவலாகிவிட்டது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி எல்லாம் உண்டு. பிரான்ஸிலும் கலிபோர்னியாவிலும் திராட்சை விளைகிற பிரதேசங்களை இம்மாதிரி வண்டியில் சுற்றுகிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நிறுத்தி மது ருசி பார்ப்பது அங்கே ஒரு விடுமுறை வைபவம். நம் நாட்டிலும் நாசிக் பக்கம் அந்த வழக்கம் வந்துவிட்டது; அங்கே சுலா என்ற மதுத் தோட்டம் தொடங்கியது 1999-இல். எங்கள் புளியங்குடிக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசாங்கமே 2021-இல் வீட்டு வண்டிப் பிரயாணத்துக்கென்று ஒரு திட்டம் அறிவித்தது. இந்தப் பிரயாணங்களைப் பற்றிக் கட்டுரைகளும் வருகின்றன. நாலைந்து படித்தால் போதும், ஒரே கட்டுரையை நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதல் பாதி வண்டியின் சௌகரியம், மறு பாதி கோப்பையின் ருசி. நடுவில் திராட்சையைப் பறித்தவன் ஒரு வரியிலும் தென்படுவதில்லை.

குற்றம் வண்டியினுடையதா, எழுதுகிறவனுடையதா? இதைக் கொஞ்சம் நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

*

வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போவது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்கிறவர்கள் பெரும்பாணாற்றுப்படையை ஒரு தரம் புரட்டிப் பார்க்கலாம். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். அதில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வாணிகராகிய உமணரின் வண்டியை வர்ணிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. வண்டியின் வாயிலில் கோழி அடைகிற கூடு. பக்கத்தில் ஒரு சிறு உரல் தொங்குகிறது. பார்வைக்கு அது பிடியானையின் முழங்கால் மாதிரி இருக்கிறதாம். காடிப் பானையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பது, ஆட்டக்காரிகள் களத்துக்கு எடுத்துப் போகிற வாத்தியத்தை நினைப்பூட்டுகிறது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி மாட்டை ஓட்டுகிறாள். ஆண்கள் வேப்பிலை மாலை போட்டுக்கொண்டு வண்டிக்குக் காவலாகப் பக்கத்தில் நடக்கிறார்கள். இப்படி வண்டியில் போகிறவர்கள் மாற்று அச்சும் கட்டி எடுத்துப் போவார்கள் என்பதைப் புறநானூற்றில் ஒளவையார் பாட்டு சொல்லுகிறது. அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். நம் மோட்டார்க்காரர்கள் ‘ஸ்டெப்னி’ என்கிறார்கள்.

இவ்வளவு ஆசையாக வண்டியை வர்ணித்த கவி, தன் பாணனை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பவில்லை. இது கவனிக்க வேண்டிய விஷயம். வழி முழுவதும் பாணன் நடக்கிறான். வழியில் இருக்கிற ஒவ்வொரு குடியிலும் அவன் சாப்பிட வேண்டியிருக்கிறது. எயினர் குடிசையில் ஒரு சாப்பாடு, இடையர் வீட்டில் ஒன்று, உழவர் வீட்டில் ஒன்று, வலைஞர் சேரியில் ஒன்று, அந்தணர் வீட்டில் ஒன்று. ‘இன்னார் வீட்டில் இன்னது கிடைக்கும்’ என்று சொல்லுவதோடு கவி நிற்பதில்லை. அது எப்படி வந்தது என்றும் சொல்லுகிறார். எயிற்றியர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, நிலவுரலில் குற்றி, உவர்நீர் முகந்து, விளிம்பு உடைந்த பானையை முறிந்த அடுப்பின் மேல் ஏற்றுகிறார்கள். வலைஞர் குடியில் மது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆற விட்டு, முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட்டு, சாடியில் முற்ற வைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். நாசிக்குக்குப் போய்வந்து எழுதுகிறவர் ஒருவராவது ஒரு கோப்பை மதுவைப் பற்றி இத்தனை வாய்க்கணக்காகச் சொல்லியிருக்கிறாரா?

இது அரசனைப் புகழ வந்த பாட்டு, தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் வாங்க வழி சொல்லுகிற பாட்டு, அவன் நாட்டில் எந்த வீடும் இல்லை என்று சொல்லாது என்று காட்டத்தானே இத்தனையும் என்று ஒருவர் கேட்கலாம். வாஸ்தவம். பாட்டில் ஒரு கதவும் மூடுவதில்லை. ஆனால் அரசனைப் புகழ வந்த இடத்தில் உடைந்த பானை எதற்கு? அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் புகழ் இன்னும் கூடியிருக்குமே. கவி கண்டதை விட மனசில்லாமல் எழுதியிருக்கிறார். நடந்து போய் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவனின் கண் அது. உமணர் வண்டிக்குள் இருப்பவனுக்கு அந்தப் பானை தெரிய நியாயமில்லை. அவனுக்குத்தான் சொந்த உரலும் சொந்தக் காடியும் இருக்கிறதே!

*

இனி நம் காலத்து ஆசிரியர் ஒருவரைப் பார்க்கலாம். ஜான் ஸ்டீன்பெக்கை எடுத்துக்கொள்ளுகிறேன். காரணம், அவர் திராட்சைப் பிரதேசத்துக்கு இரண்டு தரம் வீட்டு வண்டியில் போனவர். இரண்டு பிரயாணமும் புத்தகமாகியிருக்கிறது. ஒரே கை, இரண்டு வண்டி. விமரிசகனுக்கு இதைவிட நல்ல தராசு கிடைக்காது.

முதல் தரம் 1936-இல். ஒக்லஹோமா பக்கத்திலிருந்து நிலம் இழந்து கலிபோர்னியாவுக்குக் கூலி தேடி வந்த குடும்பங்களைப் பற்றி எழுத ‘ஸான் பிரான்ஸிஸ்கோ நியூஸ்’ என்ற பத்திரிகை அவரை அனுப்பியது. அவர் ரொட்டிக் கடைக்காரனின் பழைய வண்டி ஒன்றைப் படுக்கவும் சமைக்கவும் தோதாக மாற்றிக்கொண்டு புறப்பட்டார். அரசாங்க முகாம் ஒன்றை நடத்திவந்த டாம் காலின்ஸ் என்பவரோடு சேர்ந்து பள்ளத்தாக்கைச் சுற்றினார். பத்திரிகையில் ஏழு கட்டுரைகள் வந்தன. மூன்று வருஷம் கழித்து, 1939-இல், ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ வந்தது. நாவலின் சமர்ப்பணத்தில் மனைவி காரலோடு டாமுக்கும் இடம் உண்டு.

அந்த நாவலிலும் ஒரு வீட்டு வண்டிதான் பிரதான பாத்திரம். ஜோட் குடும்பம் பழைய ஹட்ஸன் காரின் பின்பக்கத்தை அறுத்து லாரியாக்கி, பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றிக்கொண்டு மேற்கே போகிறது. என்ஜின் சத்தத்தில் ஒரு மாறுதல் வந்தால் அல் என்ற பையனுக்கு வயிற்றைக் கலக்குகிறது, நமக்கும் கலக்குகிறது. கலிபோர்னியா திராட்சைக் குலையை முகத்தில் பிழிந்துகொண்டு சாறு வழிய நிற்கப் போகிறேன் என்று ஆசைப்பட்ட கிழவன் முதல் நாள் தங்கலிலேயே செத்துப் போகிறான். கிழவி பாலைவனத்தைத் தாண்டுகிற இரவில் வண்டிக்குள்ளேயே சாகிறாள். அவளைப் பிணமாக வைத்துக்கொண்டு தாய் விடிகிற வரை யாரிடமும் சொல்லாமல் பக்கத்தில் படுத்திருக்கிறாள். இருபத்தைந்தாவது அத்தியாயத்தில் பழம் பழுக்கிறது. விற்கிற விலை பறிக்கிற கூலிக்குக் காணாது, பழம் அழுகுகிறது. திராட்சையில், கடன்பட்ட சின்னத் தோட்டக்காரன் நல்லது கெட்டது பார்க்காமல், அழுகலும் காம்பும் மண்ணுமாகப் பிழிந்து, கந்தகத்தைப் போட்டுச் சரிக்கட்டி மதுவாக்குகிறான். பெரும்பாணாற்றுப்படையில் மது காய்ச்சுகிறவள் பக்குவம் பார்த்துக் காய்ச்சினாள். இங்கே கடன் காய்ச்சுகிறது. இரண்டு ஆசிரியர்களும் சாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்தான்.

இரண்டாவது தரம் 1960-இல். ஆசிரியருக்கு ஐம்பத்தெட்டு வயது. பணம், புகழ் எல்லாம் வந்தாயிற்று. தம் தேசத்தை மறுபடியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று புதிய லாரி ஒன்றின் மேல் வீடு கட்டச் சொல்லி, டான் க்விக்ஸாட் குதிரையின் பெயரான ‘ரோஸினான்ட்டே’யை அதற்கு வைத்து, சார்லி என்ற நாயோடு புறப்பட்டார். ‘டிராவல்ஸ் வித் சார்லி’ 1962-இல் வெளிவந்தது. நோபல் பரிசு வந்ததும் அதே வருஷம்தான். புத்தகம் அமோகமாக விற்றது, இன்றும் விற்கிறது. நானும் சந்தோஷமாகப் படித்தேன். நாயைப் பற்றி இவ்வளவு நன்றாக எழுதினவர்கள் குறைவு.

ஆனால் வழியில் சந்திக்கிற மனிதர்களைப் பாருங்கள். அநேகம் பேர் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். பேச்செல்லாம் ஒரே பேச்சாக இருக்கிறது, ஆசிரியரின் பேச்சாக. பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகைக்காரர் ஐம்பது வருஷம் கழித்து அதே வழியில் போய் ஆராய்ந்து, ஸ்டீன்பெக் பல இரவுகளை வண்டியில் அல்ல, ஹோட்டல்களில்தான் கழித்தார், சம்பாஷணைகளில் பல கற்பனை என்று எழுதினார். 2012-இல் வந்த பதிப்பின் முன்னுரையிலேயே இதை அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டார்கள். வாசகர்கள் சிலருக்கு மகா கோபம்.

எனக்குக் கோபம் வரவில்லை. கதை எழுதுகிறவன் கற்பனை செய்தான் என்று கதை எழுதுகிற இன்னொருவன் கோபித்துக்கொள்ள முடியுமா? ஜோட் குடும்பமும் கற்பனைதானே. அதை யார் பொய் என்கிறார்கள்? நான் வைக்கிற குற்றச்சாட்டு வேறு. 1939-இல் இல்லாத மனிதர்களைப் படைத்தார், அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 1962-இல் இருந்த மனிதர்களைச் சந்தித்தேன் என்றார், அவர்களுக்கு உயிர் இல்லை. ரொட்டி வண்டியில் போனபோது அவருக்கு மனிதர்களிடம் ஒரு காரியம் இருந்தது. கேட்க வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டும், கூட வருகிற டாமின் முகத்தைக் கெடுக்காமல் நடந்துகொள்ள வேண்டும். ரோஸினான்ட்டேயில் போனபோது யாரிடமும் எந்தக் காரியமும் இல்லை. தண்ணீர்கூட உள்ளேயே இருந்தது.

இதற்கு அந்தப் புத்தகமே சாட்சி சொல்லுகிறது. பழைய திராட்சைப் பள்ளத்தாக்கை அவர் இந்தத் தரமும் கடக்கிறார். லாஸ் பானோஸ், பிரெஸ்னோ, பேக்கர்ஸ்பீல்ட் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லி, கணவாய் ஏறி, பாலைவனத்தில் இறங்கிவிடுகிறார். அறுநூறு பக்க நாவலுக்கு ஆதாரமாக இருந்த பூமி ஓரிரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது! பிரெஸ்னோவுக்கும் பேக்கர்ஸ்பீல்டுக்கும் நடுவிலேதான் டெலானோ என்ற ஊர் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள், 1965 செப்டம்பரில், பிலிப்பைன்ஸ் தேசத்துத் திராட்சைத் தொழிலாளிகள் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஸீஸர் சாவேஸின் மெக்ஸிகோக்காரர்களும் சேர்ந்துகொண்டு 1970 வரை நடத்தினார்கள். ஸ்டீன்பெக் ஜோசியம் பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு இரவு அங்கே யார் வாசலிலாவது நின்றிருந்தால் ஏதாவது காதில் விழுந்திருக்கும் என்றுதான் சொல்லுகிறேன்.

அதே புத்தகத்தில் உயிருள்ள இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, மெயின் மாகாணத்தில் உருளைக்கிழங்கு தோண்ட வந்திருக்கும் கனடாக்காரக் குடும்பத்தை வண்டிக்குள் அழைத்து நல்ல பிராந்தி ஊற்றிக் கொடுக்கிற காட்சி. அன்று ஒரு நாள் அவர் பிரயாணியாக இல்லாமல் வீட்டுக்காரராக இருந்தார். விருந்து வந்தவர்களுக்கு இடம் போதுமா என்ற கவலை அவருக்கு வந்தது. மற்றொன்று நியூ ஆர்லியன்ஸ். வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னஞ்சிறு நீக்ரோப் பெண் போகிறாள். தெருவில் பெண்கள் கூடி நின்று அவளைக் கேட்கச் சகிக்காதபடி ஏசுகிறார்கள். உலகம் அறிந்த சம்பவம் அது, 1960 நவம்பரில் தொடங்கியது. அந்தக் குழந்தையின் பெயர் ரூபி பிரிட்ஜஸ். புத்தகத்திலேயே உயர்ந்த பக்கங்கள் இவை. இதைப் பார்க்கப் போகிற அன்று ஆசிரியர் வண்டியையும் நாயையும் ஓரிடத்தில் விட்டுவிட்டு வாடகைக் காரில் போகிறார் என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

*

இவ்வளவு சொன்ன பிறகு என் கட்சிக்கு எதிர்க்கட்சியையும் நானே சொல்லிவிட வேண்டும். வாசலில் நின்று கேள், அதுதான் பிரயாணம் என்று உபதேசிப்பது சுலபம். எல்லா வாசலும் எல்லாருக்கும் திறந்ததுண்டா? ஸ்டீன்பெக் ரொட்டி வண்டியில் கிளம்பின அதே 1936-இல் விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் ஒரு சிறு புத்தகம் போட ஆரம்பித்தார். எந்த ஊரில் எந்த வீட்டில் நீக்ரோக்களுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கிடைக்கும் என்ற பட்டியல் அது. முப்பது வருஷத்துக்கு அது தேவையாக இருந்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை குட்டியோடு இருட்டில் கார் ஓட்டினவனுக்கு, கதவைத் தட்டுவதன் ரஸத்தைப் பற்றி நான் கட்டுரை எழுதிக் காட்ட முடியுமா? சக்கரத்தின் மேல் ஒரு வீடு இருந்திருந்தால் அது அவனுக்கு மானம்.

நம் ஊர்ப் பக்கமும் இதுதானே கதை. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் அந்தணர் வீட்டில் சோறும் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடுவும் சாப்பிடுகிறான். வலைஞர் வீட்டில் மதுவும் சுட்ட மீனும் சாப்பிடுகிறான். ‘நீ யார்?’ என்று யாரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை. அதற்கப்புறம் எத்தனை நூற்றாண்டு இந்த ஒரு பத்தியை நம்மால் திரும்ப எழுத முடியவில்லை! ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுக்கிற திண்ணையைப் பார்த்தவர்கள், வண்டியோடு தண்ணீர்த் தொட்டியும் எடுத்துப் போகிறவனைப் பரிகசிக்க வேண்டாம்.

ஆகையினால் குற்றம் வண்டியினுடையது அல்ல. கதவு தனக்கு மூடும் என்று தெரிந்து வீட்டைச் சுமந்து போகிறவன் ஒருவன். கதவைத் தட்டவே அலுத்துக்கொண்டு வீட்டைச் சுமந்து போகிறவன் மற்றொருவன். முதல்வன் எழுதினால் மூடின கதவுகளின் சரித்திரம் கிடைக்கும், அது பெரிய புத்தகம். இரண்டாமவன் எழுதுவதில் குளிர்ப்பெட்டியின் விலைதான் மிஞ்சுகிறது.

*

தமிழில் நல்ல பிரயாண எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஏ. கே. செட்டியார் காந்தி படத்துக்காக உலகமெல்லாம் சுற்றினவர். ஆனால் தம்மை முன்னால் நிறுத்திக்கொள்ளாமல் சின்னச் சின்ன வாக்கியமாகப் பார்த்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்குவார். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971-இல் வந்தது. தலைப்பிலே நடை இருந்தாலும் அவர்கள் போனது மோட்டாரில்தான். ஆனாலும் அந்தப் புத்தகம் நிற்கிறது. குடகில் அந்நியர்களாகப் புறப்பட்டவர்கள், ஆறு கீழே இறங்க இறங்க ஊர்க்காரர்களாக மாறுகிறார்கள். ஜானகிராமன் டெல்டாவிலே பிறந்தவர். அங்கே அவருக்குத் தட்ட வேண்டிய கதவு ஒன்றும் இல்லை, எல்லாம் தெரிந்த கதவு. பார்க்கப் போன நாட்டில் தமக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது என்ற உணர்ச்சி நடையிலே தெரிகிறது. விருந்தாளியாகப் போகிறவனுக்குப் பாத்தியதை இல்லை, அதனால் அவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கவும் மாட்டேன், பாத்தியதையும் இல்லை என்றால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

கொல்லம் – திருமங்கலம் சாலையில் இம்மாதிரி வீட்டு வண்டி ஒன்று எங்கள் ஊர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். பெயரிலே புளி இருக்கிற ஊர், பிழைப்பு எலுமிச்சையில். மதுவும் கோப்பையும் இல்லாவிட்டாலும் இதுவும் ஒரு பழத்தின் பிரதேசம்தான். வண்டிக்காரர் மலையைப் படம் எடுப்பார், மூக்குக்கு வாசனை வரும், சர்பத் ஒன்று குடிப்பார், நல்ல ஊர் என்று எழுதுவார். எல்லாம் நிஜம்தான். ஆனால் கமிஷன் கடையில் காலையில் மூட்டை பிரிகிறபோது ஒரு சம்சாரி விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளுகிறாரே, அதைப் பார்க்க வண்டியை விட்டு இறங்க வேண்டும். விலை ஏறினால் கேரளத்து லாரி காத்து நிற்கும்; விழுந்தால் பறிகூலிக்குக் கட்டாது என்று பழம் மரத்தடியிலேயே மஞ்சளாகக் கிடக்கும். ஸ்டீன்பெக்கின் இருபத்தைந்தாவது அத்தியாயத்தை எங்கள் பக்கத்தில் விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்ளுவார்கள். முள் கிழித்த முன்னங்கையோடு எலுமிச்சை பொறுக்குகிற பெண்ணுக்கு அதை வாசித்துக் காட்டினால், ‘அவ்வளவு தூரத்திலயும் இப்படித்தானா!’ என்பாள்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய காரியம். அங்கேயும் இப்போது தோட்டம் பார்க்கிறவர்கள் போய் வருகிறார்கள். விடுமுறையில் போகிறவரைக் கூலிக்கணக்குக் கேள் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உடம்பு அலுத்து நாலு நாள் ஓய்வுக்குப் போகிறவர் குளிர்ச்சியாகச் சாறு குடித்துவிட்டு வரட்டும். எழுதாமல் இருக்கிற வரையில் அவர் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. எழுத உட்கார்ந்தால் மட்டும், பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கித் தூக்கிக் குலை அறுக்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்குமா என்றாவது கேட்டுக்கொண்டு வந்து எழுத வேண்டும். வாசகன் தன் பொழுதைக் கொடுக்கிறான், அதற்கு ஈடு வேண்டாமா?

இந்த மூன்று நூல்களையும் படிக்க நினைக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாணாற்றுப்படையை நச்சினார்க்கினியர் உரையோடு முதலில் படியுங்கள். கடினம்தான், ஆனால் ஐந்நூறு அடிதான். அடுத்தாற்போல ஜோட் குடும்பத்தின் லாரியில் ஏறுங்கள். சார்லியோடு போகிற பிரயாணத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்தப் பெரிய எழுத்தாளர் எந்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கினார், எந்த இடத்தில் இறங்காமல் போனார் என்பது உங்களுக்கே தெரியும். பிறகு உங்கள் ஊருக்கு அடுத்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். நடந்து போகிற தூரம்தான். அந்த ஊரில் யார் வாசலில் நிற்பது என்று யோசிக்க ஆரம்பித்தாலே பாதி கட்டுரை எழுதியாகிவிடும்.